முன்னிருப்பு: ஸ்கிரிப்ட் எதை நினைவில் வைக்க வேண்டும்?

மழைக்காலத்தில் குமரி மாவட்டத்து டீக்கடைகளில் அணைக் கணக்கு பேசாத ஆள் குறைவு. பேப்பரில் தினமும் வரும்: பேச்சிப்பாறை இத்தனை அடி, பெருஞ்சாணி இத்தனை அடி, பிறகு சிற்றாறு ஒன்று, இரண்டு, பொய்கை, மாம்பழத்துறையாறு, முக்கடல். பேச்சிப்பாறையின் முழு மட்டம் 48 அடி, பெருஞ்சாணிக்கு 77 அடி. பேப்பரைப் படிக்கிறவரிடம் பக்கத்து பெஞ்சுக்காரர் கேட்பது "எத்தனை அடி?" என்பதோடு நிற்காது. "நேத்து எவ்வளவு வெள்ளம் நின்னுது? ஏறிச்சா, இறங்கிச்சா?" என்று அடுத்த கேள்வி வரும். (வெளியூர் வாசகர்களுக்கு: நாஞ்சில் நாட்டுப் பேச்சில் வெள்ளம் என்றால் வெறும் தண்ணீர்தான்.)

இந்த இரண்டாவது கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது. 42 அடி என்ற ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. நேற்று 42.50 என்றால் நிம்மதி. நேற்று 39 என்றால் கோதையாற்றில் உபரிநீர் திறப்பார்களா, திற்பரப்பில் குளிக்கத் தடை வருமா, குழித்துறை ஆற்றங்கரையில் தாழ்ந்த இடத்தில் வாழை போட்டவர் என்ன செய்வார் என்று யோசிக்க வேண்டிவரும். பதிலுக்கு இரண்டு எண் வேணும். ஒன்று இன்றைக்குப் படித்தது, மற்றது நினைவில் இருப்பது.

இந்தக் கேள்வியை ஒரு சின்ன ஸ்கிரிப்டிடம் ஒப்படைப்பதாக வைத்துக்கொள்வோம். தினமும் காலையில் தானாக ஓடும், அன்றைய நீர்மட்டத்தை எடுக்கும், முந்தைய மட்டத்தோடு ஒப்பிடும், இரண்டு அடிக்கு மேல் ஏறியிருந்தால் பத்துப் பேருக்கு மெசேஜ் அனுப்பும். ஐம்பது வரிக்குள் முடிகிற வேலை. சிக்கல் ஒன்றே ஒன்றுதான். ஸ்கிரிப்ட் ஓடி முடிந்ததும் அதன் நினைவு மொத்தமும் போய்விடும். நாளைக்கு ஓடுவது புதிதாகப் பிறந்த பிள்ளை. அதற்கு நேற்று என்று ஒன்று இல்லை.

இதை ஆங்கிலத்தில் ஸ்டேட் என்பார்கள், தமிழில் 'நிலை' என்று மொழிபெயர்ப்பார்கள். எனக்கு அதைவிடப் பொருத்தமாகப் படுவது நம் கடைக் கணக்கில் ஏற்கெனவே உள்ள சொல்: இருப்பு. நேற்றிலிருந்து இன்றைக்கு எடுத்து வருவது முன்னிருப்பு. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் முதல் வரியாக எழுதுவது அது. இந்த முன்னிருப்பை எழுதிவைக்க வழக்கமாகச் சொல்லித்தரும் முறையைத்தான் இங்கே விமர்சிக்கப் போகிறேன்.

அந்த நாலு வரி

நிரல் கற்றுத்தரும் பாடங்களில் இதற்கு நாலு வரி வரும். ஃபைல் இருந்தால் திறந்து படி. இல்லையென்றால் பூஜ்யத்தில் தொடங்கு. வேலையைச் செய். கடைசியில் அதே ஃபைலைத் திறந்து புது மதிப்பை எழுது. பைத்தானில் ஜேசன் வைத்துச் செய்தால் அழகாகவே இருக்கும். படிக்கிறவருக்கு உடனே புரியும், முதல் தடவையே ஓடும். அதனால்தான் இது இத்தனை பரவியது. இதன் குறைகள் எல்லாம் இரண்டாவது, ஐம்பதாவது ஓட்டத்தில்தான் தெரியவரும். பாடம் அதற்குள் முடிந்திருக்கும்.

முதலில் அந்தப் பூஜ்யம். ஃபைல் இல்லையென்றால் நேற்றைய மட்டம் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டால், முதல் நாளே பேச்சிப்பாறை ஒரே ராத்திரியில் 41 அடி ஏறிவிட்டதாக மெசேஜ் போகும். 'இருப்பு சைபர்' என்பது வேறு, 'கணக்கே இன்னும் தொடங்கவில்லை' என்பது வேறு. எந்தப் பலசரக்குக் கடைக்காரரும் இரண்டையும் குழப்ப மாட்டார். அந்த நாலு வரி குழப்புகிறது.

அடுத்தது எழுதும் விதம். ஃபைலை எழுதுவதற்காகத் திறந்த கணமே உள்ளே இருந்த பழைய எண் அழிந்துவிடும். புது எண் உள்ளே போய்ச் சேர்வது அதற்குப் பிறகு. இந்த இடைவெளி ஒரு நொடிக்கும் மிகக் குறைவு, சரி. ஆனால் அந்த இடைவெளியில் கரண்ட் போனால் மிஞ்சுவது வெறும் ஃபைல். நம் ஊரில் கரண்ட் எப்போது போகும்? மழை கொட்டும்போது. நீர்மட்டம் கிடுகிடுவென ஏறும் நாளும் மின்சாரம் வெட்டுப்படும் நாளும் ஒன்றாகவே வரும். சாதாரண நாளில் நன்றாக ஓடிவிட்டு, எந்த நாளுக்காக எழுதினோமோ அந்த நாளில் உடைகிற ஏற்பாடு இது.

இதைவிட மோசம், அடுத்த நாள் நடப்பது. வெறும் ஃபைலை ஜேசன் படிக்க மறுக்கும், ஸ்கிரிப்ட் பிழை சொல்லி நிற்கும். நின்றால் நல்லதுதான், யாராவது கவனிப்பார்கள். ஆனால் கொஞ்சம் அனுபவப்பட்டவர்கள் 'பிழை வந்தால் பூஜ்யத்தில் தொடங்கு' என்று ஒரு கவசம் போட்டிருப்பார்கள். இரண்டு வசதியும் சேர்ந்து, தெரியாது என்பதைப் பூஜ்யம் என்று மாற்றிச் சொல்லும். அல்லது முதல் நாள் பொய் எச்சரிக்கை வந்த எரிச்சலில் 'முந்தைய மதிப்பு இல்லையென்றால் ஒன்றும் அனுப்பாதே' என்று மாற்றியிருப்பார்கள். அப்போது ஏறிய நாளில் சத்தமே வராது.

இதற்குப் பழைய, நல்ல தீர்வு உண்டு. புது இருப்பை அதே ஃபோல்டரில் வேறு பெயரில் ஒரு தற்காலிக ஃபைலாக எழுது. அது உண்மையிலேயே டிஸ்கில் போய் உட்கார்ந்ததை எஃப்சிங்க் கொடுத்து உறுதிசெய். பிறகு பெயரை மாற்றிப் பழையதன் மேல் வை. யூனிக்ஸ் வகைக் கணினிகளில் இந்தப் பெயர்மாற்றம் பிளவுபடாத ஒரே செயல். பார்க்கிறவருக்குப் பழையது முழுதாகத் தெரியும், அல்லது புதியது முழுதாகத் தெரியும், பாதி தெரியாது. பைத்தானில் இதற்கென்றே ரீப்ளேஸ் என்ற செயல்கூறு 3.3 பதிப்பிலிருந்து, அதாவது 2012 முதல் இருக்கிறது. நடுவில் உள்ள எஃப்சிங்க்கை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சரித்திரம் உண்டு. 2009இல் லினக்ஸில் எக்ஸ்ட்4 புதிதாக வந்த சமயம், கணினி திடீரென நின்று மறுபடி எழுந்ததும் பல ஃபைல்கள் பூஜ்ய அளவில் கிடப்பதாகப் பலர் புகார் சொன்னார்கள். பெயர் மாறியிருந்தது, உள்ளடக்கம் இன்னும் டிஸ்க்குக்கு வந்து சேர்ந்திருக்கவில்லை. பிற்பாடு கெர்னலிலேயே அதற்கு ஒட்டு போட்டார்கள்.

எந்த இருப்பு, எந்த நாள்?

எழுதும் விதத்தைச் சரிசெய்தாலும், எங்கே எழுதுகிறோம் என்பது மிஞ்சும். பாடங்களில் ஃபைலுக்கு வெறும் பெயர் மட்டும் கொடுப்பார்கள், முழுப் பாதை கொடுக்க மாட்டார்கள். கையால் ஓட்டினால் அது நாம் நிற்கும் ஃபோல்டரில் உருவாகும். கிரான் ஓட்டினால் பெரும்பாலும் பயனரின் ஹோம் ஃபோல்டரில் உருவாகும். ஆக ஒரே ஸ்கிரிப்டுக்கு இரண்டு முன்னிருப்பு. கையால் சோதித்தால் சரியாக இருக்கும், தானாக ஓடும்போது வேறு கணக்குச் சொல்லும். ஒரு கடைக்கு இரண்டு கல்லா இருந்து, இரண்டு பேருக்கும் மற்றவரைத் தெரியாத கதை.

கிரானால் இன்னொரு சங்கடமும் உண்டு. முதல் ஓட்டம் நெட் மெதுவாக இருந்து தொங்கிக்கொண்டு நிற்கும்போதே அடுத்த ஓட்டத்தை அது தொடங்கிவிடும். இரண்டும் ஒரே இருப்பைப் படித்து, ஒன்று எழுதியதை மற்றது மிதிக்கும். ஓடத் தொடங்கும்போது ஒரு பூட்டு, முடிந்ததும் திறப்பு, இது வேணும். லினக்ஸில் எஃப்லாக் என்ற சின்னக் கட்டளையே போதும்.

நேரம் அடுத்த குழி. வாடகைக்கு எடுக்கும் சர்வர்கள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் ஓடும். நாம் ஐந்தரை மணி நேரம் முன்னால். காலை 5 மணிக்கு ஸ்கிரிப்ட் ஓடினால் சர்வருக்கு அப்போது முந்தைய நாள் இரவு 11.30. 'இன்றைய தேதி' என்று அது எழுதுவது நம் நேற்று. இதையாவது ஒரு தடவை பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம்.

கண்ணுக்குத் தெரியாத தவறு 'கடைசியாக ஓடியபோது' என்பதை 'நேற்று' என்று நினைப்பது. மழையில் கேபிள் அறுந்து மூன்று நாள் ஸ்கிரிப்ட் ஓடவில்லை. நாலாவது நாள் ஓடி, மூன்று அடி ஏற்றம் என்று சொல்கிறது. மூன்று நாளில் மூன்று அடியா, ஒரே ராத்திரியில் மூன்று அடியா? ஆற்றங்கரையில் இருப்பவருக்கு இரண்டும் ஒன்றில்லை. ஆனால் சேமித்த ஃபைலில் எண் மட்டும்தான் இருக்கிறது, அது எந்த நாளின் எண் என்று இல்லை. தேதி இல்லாத இருப்புக்கு அர்த்தம் இல்லை. அதுவும் ஸ்கிரிப்ட் ஓடிய நேரம் போதாது, அணையில் அளவு எடுத்த நேரம் வேணும். பழைய அளவே இன்னும் மாறாமல் பக்கத்தில் கிடந்தால், ஓடிய நேரம் அதைப் புதியதுபோலக் காட்டிவிடும்.

கருவிகளைப் பற்றி

இந்த இடத்தில் பலர் கருவியை மாற்றச் சொல்வார்கள். பைத்தானின் பிக்கிள் எதையும் அப்படியே பொட்டலம் கட்டிக் கொடுக்கும். நம்பகமில்லாத இடத்திலிருந்து வந்ததைத் திறக்காதே என்று அதன் கையேடே எச்சரிக்கிறது. அதோடு நிரலில் ஒரு கிளாஸின் பெயரை மாற்றினால் பழைய பொட்டலம் திறக்காமல் போகும். இன்றைய நிரலின் உருவத்தோடு நேற்றைய நினைவைக் கட்டிப்போடுவதால் நான் இதைத் தவிர்க்கவே சொல்வேன். ஷெல்ஃப் பார்க்க டிக்ஷனரி போலவே இருக்கும், அதனால்தான் ஏமாற்றும். உள்ளே இருக்கும் பட்டியலில் ஒன்றைச் சேர்த்தால், தனியாக ரைட்பேக் சொல்லாதவரை அது சேமிப்பில் ஏறாது.

ஜேசன் கண்ணால் படிக்கக்கூடியது, அது பெரிய குணம். ஆனால் எண்ணைச் சாவியாகக் கொடுத்தால் எழுத்துச்சரமாகத் திரும்பி வரும். 2023 என்று வைத்ததை அடுத்த நாள் 2023 என்று தேடினால் கிடைக்காது. தேதியை நாமே எழுத்தாக மாற்றிக் கொடுக்க வேண்டும்.

எஸ்க்யூலைட் 2000இலிருந்து இருக்கிறது, ஒரே ஃபைல், தனி சர்வர் வேண்டாம், பாதியில் நின்றாலும் கணக்குக் கெடாது. மாற்றப்போகும் பக்கத்தின் பழைய வடிவத்தை முதலில் இன்னொரு ஃபைலில் எழுதிவைத்துவிட்டுத்தான் மாற்றும். நூறு வரிக்கு மேல் கணக்கு வளரும் என்றால் யோசிக்காமல் இதற்குப் போகலாம். ஆனால் இதையே எல்லாவற்றுக்கும் மருந்து என்பதை ஏற்க முடியவில்லை. தேதி இல்லாத எண்ணை அதில் போட்டால், தேதி இல்லாத எண் மிகப் பத்திரமாக இருக்கும். அவ்வளவுதான்.

நாள்வழியும் பேரேடும்

கருவிக்கு முன்னால் கேட்க வேண்டியது, எதை எழுதுவது என்பது. நம் கடைக்காரர்கள் இதற்கு எப்போதோ விடை கண்டிருந்தார்கள். நாள்வழி என்று ஒரு புத்தகம்: அன்றன்று நடந்தது நடந்த வரிசையில். பேரேடு என்று இன்னொன்று: ஆள் பெயர் வாரியாக, யார் எவ்வளவு பாக்கி. இரண்டில் மூலம் எது? நாள்வழிதான். பேரேடு தொலைந்தால் நாள்வழியைப் புரட்டி மறுபடி எழுதிவிடலாம். நாள்வழி தொலைந்தால் பேரேட்டிலிருந்து அதை உண்டாக்க முடியாது. இத்தாலியில் லூக்கா பச்சோலி 1494இல் அச்சிட்ட கணக்கு நூலிலும் குறிப்பேடு, நாட்குறிப்பு, பேரேடு என்று மூன்று புத்தகம் வருகிறது, அதே வரிசையில். வியாபாரம் உள்ள ஊரிலெல்லாம் இந்தப் புத்தி தேவைப்பட்டிருக்கிறது.

நாலு வரிப் பாடம் சொல்லித்தருவது நாள்வழி இல்லாத பேரேடு. அதிலும் ஒரே ஒரு வரி உள்ள பேரேடு, அந்த வரியையும் தினம் அழித்து எழுதுவது. ஒரு நாள் தவறான எண் ஏறிவிட்டால், எப்போதிலிருந்து தவறு என்று கண்டுபிடிக்க ஒரு வழியும் இல்லை.

நாஞ்சில் நாட்டிலேயே இதற்கு நேர் எதிரான உதாரணம் இருக்கிறது. அழகியபாண்டியபுரம் முதலியார் குடும்பத்தில் பாதுகாக்கப்பட்ட ஓலைகள். அ.கா. பெருமாள் 'முதலியார் ஓலைகள்' என்ற நூலில் இவற்றைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். நிலம், வரி, அரசாணை, அடிமை விற்பனை வரை உள்ள ஆவணங்கள். இவை இன்று நமக்கு வரலாறாகப் பயன்படக் காரணம், எழுதியவர்கள் வரலாறு எழுத நினைத்தது அல்ல. எழுத்தாணியால் ஓலையில் கீறியதைத் துடைத்துவிட்டு அதே இடத்தில் மறுபடி கீற முடியாது. மாற்றம் வந்தால் இன்னொரு ஓலை எழுத வேண்டும், அதில் கொல்லம் ஆண்டும் மாதமும் தேதியும் போட வேண்டும். பழைய ஓலை கட்டிலேயே கிடக்கும். இன்றைய அதிகாரத்துக்குச் சங்கடமான பழைய வரியும் அப்படித்தான் தப்பியது, மனிதரை விற்ற கணக்கு உட்பட. அழிக்க வசதியான ஊடகம் நமக்குக் கிடைத்துவிட்டது என்பதற்காக அழித்து எழுதுவதை வழக்கமாக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

அணை ஸ்கிரிப்டுக்கு இதைப் பொருத்தினால் விஷயம் எளிதாகிறது. ஒவ்வொரு ஓட்டத்திலும் ஒரு வரி, ஃபைலின் கடைசியில் சேர்க்க வேண்டும்: அளவு எடுத்த தேதி, அணை, அடி, எடுத்த நேரம். பழையதைத் தொடவே வேண்டாம். எழுதும்போது கரண்ட் போனால் கெடுவது கடைசி வரி மட்டும். அடுத்த ஓட்டம் அந்த அரைகுறை வரியை ஒதுக்கிவிட்டு, புது வரியைத் தனி வரியாகத் தொடங்கினால் போதும். நாளுக்கு ஏழு அணை, வருஷத்துக்கு 2,555 வரி. ஒரு ஃபோட்டோ அளவுகூட வராது. முன்னிருப்பு என்பது இந்த நாள்வழியிலிருந்து கணக்குப் போட்டு எடுப்பது, தனியாகச் சேமிப்பது இல்லை.

சேமிக்கவே வேண்டாம் என்பவர்களுக்கு

இதற்கு ஒரு நல்ல எதிர்வாதம் உண்டு. இருப்பே இல்லாத ஸ்கிரிப்ட்தான் சிறந்தது, ஒவ்வொரு முறையும் மூலத்திலிருந்தே எல்லாவற்றையும் கேட்டு வாங்கு, எத்தனை தடவை ஓடினாலும் ஒரே பலன் வரட்டும் என்பார்கள். பாதிக்கு மேல் இது சரி. தரவு தரும் இடமே பழைய நாட்களின் அளவையும் கொடுக்கிறதென்றால், நாம் ஏன் இன்னொரு நகல் வைத்து, அது மூலத்தோடு முரண்படும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டும்? இரண்டு நாள் அளவையும் அங்கேயே கேட்டுக்கொள்ளலாம். மூலம் இன்றைய அளவை மட்டும் காட்டி நேற்றையதை மாற்றிவிடுகிறது என்றால்தான் நாள்வழி நம் பொறுப்பாகிறது.

ஆனால் இந்த வாதம் தொடாத ஒரு விஷயம் இருக்கிறது. அணையில் எவ்வளவு வெள்ளம் என்பது அணையிடம் இருக்கிறது, திரும்பக் கேட்கலாம். 'அந்தப் பத்துப் பேருக்கு நாம் சொல்லிவிட்டோமா?' என்பது உலகத்தில் வேறு எங்கும் இல்லை, நம்மிடம் மட்டும்தான் இருக்கிறது. உலகத்தின் நிலையைத் திரும்பக் கேட்கலாம். நாம் செய்த காரியத்தை நாம்தான் குறித்துவைக்க வேண்டும். சேமிக்க வேண்டிய உண்மையான இருப்பு இதுதான். நாலு வரிப் பாடம் இரண்டையும் ஒரே எண்ணில் போட்டுக் கலக்கிவிடுகிறது.

கலக்காமல் பிரித்ததும் அடுத்த கேள்வி தானாக வரும். முதலில் அனுப்பிவிட்டுக் குறிப்பதா, குறித்துவிட்டு அனுப்புவதா? அனுப்பிய பின் குறித்தால், நடுவில் நின்றுபோனால் அடுத்த ஓட்டம் இன்னொரு முறை அனுப்பும். குறித்த பின் அனுப்பினால், நடுவில் நின்றுபோனால் யாருக்கும் போகவே போகாது. இதில் எது சரி என்று நிரல் மொழி சொல்லாது, விளைவுதான் சொல்லும். வெள்ள எச்சரிக்கை இரண்டு தடவை வந்தால் "இதென்ன, மறுபடியும்" என்று சலித்துக்கொள்வார்கள். வராமல் போனால் ஆடு மாடு போகும். ஆகவே அனுப்பிவிட்டுக் குறி. அதே ஸ்கிரிப்ட் கரண்ட் பில் கட்டுகிறது என்றால் தலைகீழ். இரண்டு தடவை பணம் போகக் கூடாது. 'கட்டப் போகிறேன்' என்று ஒரு வரி, 'கட்டிவிட்டேன்' என்று ஒரு வரி. முதல் வரி இருந்து இரண்டாவது இல்லையென்றால் ஸ்கிரிப்ட் தானாக எதையும் செய்யாமல் ஆளைக் கூப்பிட வேண்டும்.

அந்த நாலு வரியைப் பாடப் பக்கங்களிலிருந்து தூக்கிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஃபைலில் எழுதிப் படிக்கக் கற்றுக்கொள்ள அது போதும். அதற்குக் கீழே மூன்று கேள்வியைச் சேர்த்தால் நன்றாக இருக்கும். இதைத் திரும்பக் கேட்டுப் பெற முடியுமா? முடியும் என்றால் சேமிக்காதே. இது எந்த நாளின் எண், எந்த ஃபோல்டரில் இருக்கிறது? பாதியில் நின்றால் இரண்டு தடவை நடப்பது மோசமா, நடக்காமல் போவது மோசமா? இந்த மூன்றுக்கும் பதில் எழுதிய பிறகு ஜேசனா எஸ்க்யூலைட்டா என்று சண்டை போட்டுக்கொள்ளலாம்.

உங்களிடம் கிரானில் ஓடிக்கொண்டிருக்கும் சின்ன ஸ்கிரிப்ட் ஏதாவது இருந்தால், அதன் சேமிப்பு ஃபைலை வேறு பெயரில் நகர்த்தி வைத்துவிட்டு ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். மெசேஜ் அனுப்புகிற வகை என்றால், முதலில் பெறுநர் பட்டியலில் உங்கள் எண்ணை மட்டும் விட்டுவையுங்கள். பிறகு அந்த ஃபைலை வெறுமையாக்கி இன்னொரு தடவை. அது என்ன சொல்கிறது, யாரிடம் சொல்கிறது என்று கவனியுங்கள். மழை தொடங்கும் முன்னால் இதைச் செய்துவிடுவது நல்லது.